இரவல் முகிலும் ஊர்க் கிணறும்

தீவகத்தாருக்கு முகிலைப் பற்றி எவரும் பாடம் சொல்லித் தர வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வரும் மழையை நம்பி ஒரு போகம் விதைத்துவிட்டு, மற்றைய மாதங்களில் வானத்தை அண்ணாந்து பார்த்திருப்பவர்கள் நாங்கள். கறுத்துத் திரண்டு வந்து, ஒரு துளி சிந்தாமல் கடலுக்கு மேலாகக் கடந்து போகும் முகில்கள் எத்தனையோ கண்டாயிற்று. ஆகவே, கணினிக் கம்பனிகள் தமது சேமிப்புக் கிடங்குகளுக்கு 'முகில்' என்று பெயர் சூட்டியபோது, பெயர் பொருத்தமாகத்தான் வாய்த்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். எங்கள் ஆசிரிய நண்பர்களோ அதனைக் கற்பகதரு என்றே நம்பிவிட்டார்கள்.

சென்ற தவணை விடுமுறையில், சுயமாகத் தொழில் செய்ய விரும்பும் இளைஞருக்கென்று நடந்த கருத்தரங்கு ஒன்றுக்குப் போயிருந்தேன். பேச வந்தவர் என்னைப் போன்ற ஓர் ஆசிரியர்தான், நல்ல மனிதர். "உங்கள் வேலைகளை எல்லாம் கிளவுட்டில் போடுங்கள். இலவசம், பத்திரம், எங்கிருந்தும் எடுக்கலாம்" என்றார். பிள்ளைகள் குறிப்பெடுத்துக் கொண்டார்கள். அந்தக் குறிப்பின்மீதுதான் எனக்கு வழக்கு.

முதலில், அங்கே அமர்ந்திருந்த பிள்ளைகள் யார்? நிலமும் கடலும் இனிப் போதாது என்று கண்ட குடும்பங்களின் பிள்ளைகள். மொழிபெயர்ப்பு, பக்க வடிவமைப்பு, கணக்கெழுதுதல், வெளிநாட்டு நிறுவனங்களுக்குத் தரவு பதிதல் என்று வீட்டிலிருந்தே உழைத்து ஊரோடு இருக்க நினைப்பவர்கள். வேலை அமையாவிட்டால் அவர்களுக்கு எஞ்சியிருப்பது முகவரைத் தேடிப் போகும் பாதைதான். அந்தப் பாதையை நம் ஊரில் அறியாத வீடில்லை. கடற்றொழிலாளிக்கு வலை, தச்சனுக்கு உளி, இவர்களுக்குக் கோப்பு. கோப்புகளையும் அவற்றைத் திறக்கும் மென்பொருளையும் தவிர வேறு உற்பத்திச் சாதனம் இவர்களிடம் இல்லை. அந்தச் சாதனத்தைக் கொண்டுபோய் யாரென்று தெரியாத ஒருவனின் கிடங்கில் வைத்துவிட்டு, சாவியையும் அவனிடமே கொடுத்துவிட்டு வா என்பது என்ன புத்திமதி?

'இலவசம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். கூகிள் நிறுவனம் எல்லையின்றிப் படங்களைச் சேமிக்கலாம் என்று உலகத்தை அழைத்தது. உலகம் போய்ச் சேர்ந்தது. 2021 ஜூன் முதலாம் திகதி அந்த எல்லையின்மை முடிவுக்கு வந்தது. பாடசாலைகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் அளித்த எல்லையற்ற சேமிப்பு 2022இல் அளவுக்குள் கொண்டுவரப்பட்டது. இரண்டு ஆண்டுகள் திறக்கப்படாத தனியார் கணக்குகளை அழிக்கலாம் என்ற விதி 2023 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. இதிலே வஞ்சகம் ஒன்றுமில்லை. வியாபாரம் இப்படித்தான் நடக்கும். முதலில் கடன் கொப்பியைத் திறந்து வைப்பான் கடைக்காரன். வீட்டில் அடுப்பெரிவது அவன் அரிசியால்தான் என்று ஆன பிறகு விலையைச் சொல்வான். நமது பாட்டன்மாருக்குத் தெரிந்த பொருளாதாரம் இது. பட்டம் பெற்ற நமக்குத்தான் மறந்துவிட்டது.

இலவசம் முடிந்த இடத்தில் குத்தகை தொடங்குகிறது. ஒருமுறை விலை கொடுத்து வாங்கிய மென்பொருளை மாதாமாதம் வாரம் அளந்து பயன்படுத்தும் பொருளாக மாற்றிவிட்டார்கள். அந்த வாரத்தையும் டொலரில் அளக்க வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டதே, நினைவிருக்கிறதா? அதே மார்ச்சின் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றதே? 'எங்கிருந்தும் எடுக்கலாம்' என்ற வாக்குறுதிக்கு அந்த நாட்களே விடை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுதக் காகிதம் வீண்.

'பத்திரம்' என்பதைத்தான் ஆற அமரப் பார்க்க வேண்டும்.

என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி மொழிபெயர்ப்பும் நூல் வடிவமைப்பும் செய்து வீட்டை நடத்துகிறாள். இரண்டு வருட உழைப்பு முழுவதையும் ஒரு வெளிநாட்டுச் சேமிப்பில் வைத்திருந்தாள். ஒருநாள் காலையில் கணக்குத் திறக்கவில்லை. விதிமீறல் என்று ஒரு வரி. எந்த விதி, எப்போது மீறினாள் என்பதற்கு விடையில்லை. முறையிட்டாள், இயந்திரம் ஒன்று மறுமொழி அனுப்பியது. மீண்டும் முறையிட்டாள், அதே மறுமொழி. "சேர், ஆரிட்டப் போய்க் கேக்கிறது?" என்று அவள் என்னிடம் கேட்டாள். சங்கக் கடை மனேஜர் அநியாயம் செய்தால் அவர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். கச்சேரியில் அநியாயம் நடந்தால் மனு எழுதலாம், மறியல் செய்யலாம். இங்கே கதவே இல்லையே, எதைத் தட்டுவது? அச்சுக்குப் போகவிருந்த ஒரு நூலை அவள் முதற் பக்கத்திலிருந்து மறுபடி செய்தாள். கூலி ஒருமுறைக்குத்தான் கிடைத்தது.

தனியொரு பெண்ணின் கவலையீனம் என்று தள்ளிவிட எண்ணுபவர்களுக்கு வேறு சாட்சிகள் இருக்கின்றன. 2025 ஜூலை 18ஆம் திகதி, குஜராத்தின் வாடினாரில் எண்ணெய் சுத்திகரிக்கும் நயாரா எனர்ஜி நிறுவனத்தின்மீது ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. ரஷ்யாவின் ரொஸ்நெப்ட் அதில் பெரும் பங்காளி என்பது காரணம். தடை விதித்தது ஐரோப்பா. நிறுவனம் இருப்பது இந்தியாவில். மின்னஞ்சலை நிறுத்தியதோ அமெரிக்க மைக்ரோசொப்ட். காசு கட்டி வைத்திருந்த சேவை, நிறுவனத்தின் சொந்தத் தகவல்! டில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகே, மாத முடிவில், சேவை திரும்பியது. அந்த நிறுவனத்துக்காகக் கண்ணீர் வடிக்க நான் வரவில்லை. வழக்கறிஞர் படையோடு நிற்கும் எண்ணெய் முதலாளிக்கே இந்தக் கதி என்றால், வேலணையில் ஒரு மேசையும் ஒரு பழைய மடிக்கணினியும் வைத்திருப்பவர் எந்த நீதிமன்றத்துக்குப் போவார்?

"அப்படியானால் அரசாங்கமே வைத்திருக்கட்டும்" என்று நம் பக்கத்துத் தோழர்கள் சிலர் சொல்லக்கூடும். சொல்லுங்கள், ஆனால் 2023ஐ மறவாதீர்கள். அந்த வருடம் ஓகஸ்டில் இலங்கை அரசின் முகில்மீது பணயத் தாக்குதல் நடந்தது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள், அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 முகவரிகளுக்கு உரியவை, திரும்பவில்லை. அந்தக் காலத்துக்கு வெளியே எடுத்து வைத்த பிரதி ஒன்றும் இல்லை. ஆதரவு முடிந்துபோன 2013ஆம் ஆண்டு மென்பொருளிலேயே அது ஓடிக்கொண்டிருந்தது. புதுப்பிக்கப் பணமில்லை என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. தென்கொரியாவைப் போல் வசதி படைத்த நாட்டில், 2025 செப்டம்பர் 26இல் டேஜொன் நகர அரசுத் தரவு நிலையம் தீப்பற்றியபோது, அரச ஊழியர் பயன்படுத்திய சேமிப்பில் 858 டெராபைற் அழிந்தது. அளவு பெரிதென்பதால் வெளியே பிரதி எடுக்கவில்லையாம். ஓரிடத்தில் மட்டும் இருப்பது ஒருநாள் இல்லாமற் போகும். அரசாங்கமானால் என்ன, கம்பனியானால் என்ன, தீக்கு அது தெரியாது.

இதை யாழ்ப்பாணத்தவருக்கு எழுதிக்கொண்டிருப்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது. 1981ஆம் ஆண்டு மே மாத இறுதி இரவில் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது 97,000 அளவிலான நூல்கள் போயின. அவற்றுள் ஓலைச் சுவடிகளும் வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் இருந்தன. 1990, 91இல் தீவகத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் உறுதிகளையும் பிறப்புப் பத்திரங்களையும் பானைக்குள் வைத்துப் புதைத்துவிட்டுப் போனதையும், திரும்பி வந்து தோண்டியபோது கறையான் தின்றிருந்ததையும் என் வீட்டிலேயே கேட்டு வளர்ந்தேன். அந்த அழிவிலிருந்து பாடம் கற்றவர்களும் இருக்கிறார்கள். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் வருடி இணையத்தில் எவரும் எடுக்கும்படி வைத்திருக்கிறது. 1966இல் தொடங்கிய மல்லிகையின் பழைய இதழ் இன்று ஒரு மாணவன் கையில் கிடைப்பது அதனால்தான். ஒருவனிடம் பூட்டி வைத்ததால் அது பிழைக்கவில்லை; பலரிடம் பிரதி இருப்பதால் பிழைத்திருக்கிறது.

இனி அலுவலக மென்பொருள். இங்கே நமது முற்போக்காளரின் விருப்பமான வாதம் ஒன்றுண்டு: "உடைத்த மென்பொருளைப் போட்டால் போயிற்று, ஏகபோக முதலாளிக்கு ஏன் காசு கொடுப்பான்?" யாழ்ப்பாணத்துக் கணினிக் கடை எதிலும் கேட்காமலே போட்டுத் தருவார்கள் என்பதும் மெய். கேட்பதற்குப் புரட்சி போலிருக்கிறது. ஆனால் அந்தப் புரட்சியால் ஏகபோகத்துக்கு நட்டம் உண்டா? 1998இல் பில் கேட்ஸ் சீனாவைப் பற்றிப் பேசுகையில், திருடத்தான் போகிறார்கள் என்றால் எங்களுடையதைத் திருடட்டும், பழகிவிடுவார்கள், பிறகு வசூலிக்கும் வழியைக் கண்டுகொள்வோம் என்ற கருத்தை வெளிப்படையாகவே சொன்னார். நாம் திருடுவதாக நினைத்துக்கொண்டு அவருடைய விளம்பர ஊழியத்தைக் கூலியில்லாமல் செய்துகொண்டிருக்கிறோம். வகுப்பறையில் அதையே கற்பிக்கிறோம். 'கடிதம் தட்டெழுதத் தெரியுமா' என்று கேட்க வேண்டிய இடத்தில் 'வேர்ட் தெரியுமா' என்று கேட்கிறோம். உடைத்த பிரதியோடு வந்து சேரும் நச்சுநிரல்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

மற்றொரு வாதம் அண்மையில் கடல் கடந்து வந்திருக்கிறது. "தமிழனுடைய மென்பொருள் இருக்கிறதே, சோஹோவைப் பாவியுங்கள்" என்கிறார்கள். 1996இல் தொடங்கிய அந்த நிறுவனம் தென்காசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து உலகத்துக்கு மென்பொருள் விற்கிறது. 2025இல் இந்திய மத்திய கல்வி அமைச்சு தன் அலுவலர்கள் அதனையே பாவிக்க வேண்டும் என்று அறிவித்தது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு வேலை கிடைப்பதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆயினும் காணிக்காரன் நம் இனத்தவன் என்பதால் குத்தகைச் சீட்டு உறுதியாகிவிடுமா? தமிழ் முதலாளியின் வயலிலும் வாரம் வாரம்தான். அவருடைய நிரலும் மூடியதே. அவருடைய கிடங்கின் சாவியும் நம்மிடம் இல்லை.

எதைப் பாவிப்பது என்று கேட்பீர்கள். பெயரைக் கேட்பதற்கு முன், கோப்பு எந்த வடிவத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். இதில் நம்மைப் போல் அடிபட்டவர்கள் குறைவு. பாமினி எழுத்துருவில் நாம் எத்தனை ஆண்டுகள் எழுதினோம்! வினாத்தாள்கள், சங்க அறிக்கைகள், மலர்கள், கவிதைகள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவற்றைத் திறந்தால் 'தமிழ்' என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகச் சிதறிக் கிடக்கும். யுனிகோட்டின் முதற் பதிப்பிலேயே, 1991இல், தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. நாம் அங்கே போய்ச் சேரப் பல ஆண்டுகள் எடுத்தோம். பொது நியமத்துக்குப் புறம்பான வடிவத்தில் எழுதியவன் தன் கையெழுத்தையே பிறகு வாசிக்க முடியாமல் தவிப்பான் என்பதைப் பாமினி நமக்குக் காட்டிவிட்டது.

திறந்த ஆவண வடிவம் 2006இல் சர்வதேச நியமமாயிற்று. அதில் எழுதும் லிப்ரே ஒபிஸ் 2010இலிருந்து வளர்ந்து வருகிறது. காசில்லை, கணக்கில்லை, இணைப்பில்லாமலும் ஓடும், தமிழ் இடைமுகமும் உண்டு. பழைய கணினியே போதும். கேரளத்துப் பாடசாலைகள் கட்டற்ற மென்பொருளில் கணினிக் கல்வி நடத்தத் தொடங்கிப் பல ஆண்டுகளாகின்றன. ஜெர்மனியின் ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைன் மாநிலம் தனது 30,000 கணினிகளை லிப்ரே ஒபிசுக்கு மாற்றுவதாக 2024 ஏப்ரலில் தீர்மானித்தது. இவர்கள் எல்லோரும் ஏழைகள் என்பதால் அல்ல.

குறைகளை மறைக்க மாட்டேன். வேர்ட்டில் செய்த அட்டவணை லிப்ரே ஒபிசில் திறக்கும்போது சில வேளை ஒரு பக்கம் சாயும். வாடிக்கையாளர் வேர்ட் கோப்புத்தான் வேண்டும் என்பார். அலுவலகங்களின் படிவங்களும் அப்படியே வரும். தமிழ்ப் பிழைதிருத்தி இன்னும் குழந்தை. நான்கு பேர் சேர்ந்து ஒரே ஆவணத்தை எழுத வேண்டிய நாளில் நானும் கூகிளுக்குப் போகிறேன். எழுதி முடிந்ததும் இறக்கிக்கொண்டு வந்துவிடுகிறேன். சந்தைக்குப் போவதும் சந்தையிலே குடியிருப்பதும் வேறு வேறு.

அந்தப் பிள்ளைக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: வேலை நடக்கும் பிரதி உன் கணினியில், இரண்டாவது ஒரு வன்தட்டில், வாரம் ஒருமுறை, எழுதிய பிறகு கழற்றி வேறு வீட்டில், மூன்றாவது வேண்டுமானால் முகிலில், மறையாக்கம் செய்து பூட்டி. சாவி உன்னிடம்.

இது தனியாள் செய்யும் வழி. தனியாள் வழியோடு நின்றுவிடுவது நம் இதழுக்குப் பழக்கமில்லை. எங்கள் சாட்டியில் நன்னீர்க் கிணறுகள் இருக்கின்றன. சுற்றிவரக் கடல், மணலுக்கு அடியிலோ மழைநீர் தேங்கி நல்ல தண்ணீராய்க் கிடக்கிறது. உவர் மண்டிய அயலூர்களுக்கும் இங்கிருந்து தண்ணீர் போயிருக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் உப்பேறிவிடும் என்பதால் ஊரே அதைக் கண்காணிக்க வேண்டியிருக்கிறது. சேமிப்பையும் அப்படி வைத்திருக்க முடியாதா? நெக்ஸ்ட்கிளவுட் போன்ற கட்டற்ற மென்பொருளை நிறுவி, சொந்தச் சேவையகத்தில் பத்திருபது பேர் கோப்புகளைப் பகிரலாம். கூட்டுறவுச் சங்கங்கள் கடற்றொழிலையும் பனைத் தொழிலையும் தாங்கிய மண் இது. மூளாயில் கூட்டுறவாக ஒரு வைத்தியசாலையையே நடத்தியவர்கள் நம்மவர்கள். நோயாளியைப் பராமரிப்பதைவிடச் சேவையகத்தைப் பராமரிப்பது கடினமா? எளிதென்றும் சொல்லவில்லை. இரவில் பழுதானால் எழுந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும். அவருக்குக் கூலி வேண்டும். சந்தா கட்டாத உறுப்பினரிடம் வாசலில் போய்க் கேட்கவும் ஆள் வேண்டும். மின்கலம் வேண்டும், அதன் பிரதி இன்னொரு தீவில், நயினாதீவிலோ நெடுந்தீவிலோ, இருக்க வேண்டும்.

அடுத்த தவணையில் அந்தக் கருத்தரங்கு மீண்டும் நடக்கவிருக்கிறது. பேசிய நண்பரிடம் இந்தக் கட்டுரையின் பிரதியை முன்கூட்டியே கொடுத்துவிட்டேன். வாசித்துவிட்டு, "நீர் சொல்லுறது சரி, ஆனால் பிள்ளையளுக்கு அரை மணித்தியாலத்தில இதெல்லாம் எப்படிச் சொல்லுறது?" என்று கேட்டார். ஒரு வன்தட்டையும் ஒரு பழைய பாமினிக் கோப்பையும் கையிலே கொண்டு வரும்படி சொல்லியிருக்கிறேன். என்னிடமிருக்கும் பாமினிக் கோப்பு, 2004இல் எங்கள் பாடசாலை மாணவர் மன்றம் வெளியிட்ட மலரினுடையது. அதன் முதற் பக்கத்தில் யாருடைய வாழ்த்துச் செய்தி இருக்கிறது என்று இன்னமும் எனக்குத் தெரியவில்லை.