எடைக்குக் கொடுக்கும் விலை இனிப்பைக் கெடுக்கும்

எகிப்தில் சர்க்கரை என்றால் ஒரு காலத்தில் தெற்கே நைல் கரையோரக் கரும்புதான். இன்று அங்கே கரும்பைவிடச் சர்க்கரை பீட் கிழங்கிலிருந்தே அதிகச் சர்க்கரை கிடைக்கிறது. ஆண்டு முழுதும் நின்று நீர் குடிக்கும் கரும்புக்கு எதிரே, பீட் ஆறேழு மாதத்தில் வெட்டுக்கு வந்துவிடும். நீருக்குத் தவிக்கும் நாடு இதைத் தேர்ந்ததில் வியப்பில்லை. ஆனால் நைல் டெல்டாவுக்கு மேற்கே நுபாரியா போன்ற, பாலையைத் திருத்திய மணல் நிலங்களில் உரமிடுவதையும் அறுவடை நாளையும் தனித்தனியாக முடிவுசெய்ய முடியாது. உரத்தை எப்போது நிறுத்துகிறோம் என்பதிலேயே வெட்டும் நாள் பாதி முடிவாகிவிடுகிறது.

மணலில் மொத்தமாகப் போட்ட யூரியா நைட்ரேட்டாக மாறி, பாய்ச்சும் நீரோடு வேருக்கு எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிடும். ஆகவே சிறுசிறு தவணையாக, முடிந்தால் சொட்டுநீரோடு கலந்து கொடுப்பதே சரி. சிக்கல், அந்தத் தவணையை நிறுத்தாமல் நீட்டிப்பதில் இருக்கிறது. கடைசி மாதங்களில் தழைச்சத்து கிடைத்தால் செடி புது இலை விடும். கிழங்கில் சேர வேண்டிய சர்க்கரை அதற்குச் செலவாகும். கிழங்கில் தங்கும் அமினோ நைட்ரஜன், ஆலையில் சர்க்கரையைப் படிகமாக விடாமல் கழிவுப்பாகோடு இழுத்துச் சென்றுவிடும். விதைத்து மூன்று, மூன்றரை மாதத்துக்குள் தழைச்சத்தை முடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகும் தழைச்சத்தை நீட்டிப்பதைவிடச் சாம்பல் சத்தும் போரானும் குறையாமல் பார்ப்பது லாபம். போரான் இல்லையென்றால் மணல் நிலத்தில் கிழங்கின் குருத்தே அழுகும்.

தழைச்சத்தை முன்னதாக நிறுத்தினால் மகசூல் குறையாதா என்று கேட்கலாம். எடை சற்றுக் குறையலாம். ஒரு கணக்குக்கு, 15 சதவீதச் சர்க்கரையுள்ள 28 டன் கிழங்கில் இருப்பது 4.2 டன் சர்க்கரை. 18 சதவீதமுள்ள 25 டன்னில் 4.5 டன். குறைந்த எடையில்தான் கூடுதல் சர்க்கரை. முற்றும்வரை காத்திருந்தால் மே, ஜூன் வெயிலில் கிழங்கு கெடாதா என்பது அடுத்த கேள்வி. கெடும், வெட்டிய கிழங்கு ஆலை வாசலில் காய்ந்தால் இன்னும் கெடும். அதற்காக முற்றாத கிழங்கைப் பறிப்பது தீர்வாகாது. ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை விதைப்பைப் பிரித்து, வயல்வாரியாக மாதிரி எடுத்துப் பார்த்து, வெட்டு உத்தரவு தருவது ஆலையின் பொறுப்பு.

எடைமேடையில் டன்னுக்கு மட்டும் பணம் கிடைத்தால், கடைசி வாரம்வரை யூரியா போடும் விவசாயியைக் குறை சொல்ல முடியாது. அவர் தமக்குக் காட்டப்பட்ட கணக்கைத்தான் பார்க்கிறார். ஐரோப்பிய ஒன்றியம் 16 சதவீதச் சர்க்கரையைத் தரத்தின் அளவுகோலாக வைத்தே பீட்டுக்கு விலை வகுத்தது. மணல் நில விவசாயிக்கு அதோடு அமினோ நைட்ரஜன் போன்ற மாசுகள் குறைவதற்கும் சேர்த்து விலை கொடுக்க வேண்டும். அந்த விலைப்பட்டியல் விதைப்புக்கு முன்பே அவர் கைக்கு வரவேண்டும்.