அணுக்களின் அமைப்பும் எமது காரீயமும்

கண்டி மாநகரைச் சுற்றியோடும் மகாவலி கங்கை, 1985 ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்ட விக்டோரியா அணையில் தேங்கி, 210 மெகாவாற்று வலுவுள்ள மின்னிலையத்தை இயக்குகின்றது. மாரியில் நீர் மின்சாரமும் நண்பகலில் சூரிய மின்சாரமும் பெருகுகின்றன. பெருகியதைச் சேமிப்பதே அரிது. மிகுதியான மின்னால் நீரைப் பகுத்து ஐதரசனைப் பெற்று, வேண்டும்போது எரிபொருட் கலத்தில் அதனை மீண்டும் மின்னாக்குதல் விஞ்ஞானிகள் காட்டும் வழிகளுள் ஒன்று. இவ்விரு செயல்களுக்கும் ஊக்கி இன்றியமையாதது. சிறந்த ஊக்கியாகிய பிளாற்றினமோ விலை மிக்கது.

அத்தகைய உலோகம் இல்லாத நாடு என் செய்யும் என வினவுவோர் உளர். ஊக்கியின் ஆற்றல் அது எப்பொருள் என்பதை மட்டுமன்றி, எவ்வாறு அமைந்துள்ளது என்பதையும் பொறுத்தது என்பதே அவர்க்கு விடை.

ஒரு சென்ரிமீற்றர்ப் பக்கமுள்ள பிளாற்றினக் கனவடிவின் மேற்பரப்பு 6 சதுர சென்ரிமீற்றர். அதனையே 10 நனோமீற்றர்ப் பக்கமுள்ள நுண்ணிய கனவடிவுகளாகப் பிரித்தால், மொத்த மேற்பரப்பு 600 சதுர மீற்றராகும். தொழில் புரிவன மேற்பரப்பிலுள்ள அணுக்களே, உள்ளிருப்பவை வாளாவிருக்கின்றன.

மேற்பரப்பிலும் எல்லா இடமும் ஒத்தவையல்ல. மொலிப்டினமும் கந்தகமும் சேர்ந்த மலிவான சேர்வையொன்று, காரீயம்போலத் தாள் தாளாக அமைந்தது. அத்தாள்களின் அகன்ற முகம் ஐதரசனை எளிதில் தருவதில்லை. விளிம்பே தருகின்றது என்பதை டென்மார்க் ஆய்வாளர்கள் 2007 இல் நிறுவினர். விளிம்பைப் பெருக்கினால் அச்சேர்வையின் ஆற்றலும் பெருகும்.

பிளாற்றினத் துணிக்கைகளைத் தாங்கும் காபனிலும் இந்நுட்பம் உண்டு. ஒழுங்கு குன்றாத காரீயத் தாளில் துணிக்கைகள் நிலைகொள்ளாது நகர்ந்து ஒன்றோடொன்று கூடிவிடும்; தாளிற் சிறு குறைகள் இருப்பின் அவற்றைப் பற்றி நிற்கும். ஆயின் குறை மிகின் காபனே விரைவில் அரிந்துபோம். இரண்டிற்கும் நடுநிலை காண்பதே ஆய்வாளன் கடமை.

இங்கேதான் எமது நாட்டின் கதை தொடங்குகின்றது. போகலையிலும் ககட்டகஹாவிலும் பாறைப் பிளவுகளில் விளையும் நரம்புக் காரீயம், தூய்மையில் உலகப் புகழ் வாய்ந்தது. அது கட்டியாகவும் தூளாகவும் கப்பலேறுவது நெடுங்கால வழக்கம். தூய்மை இயற்கை அளித்த கொடை. அதன் அமைப்பை வேண்டியவாறு மாற்றுவது மனித அறிவின் ஆக்கம். கொடையை விற்று ஆக்கத்தை விலைகொடுத்து வாங்குதல் நல்ல வாணிகமன்று.

1981 இல் நிறுவப்பெற்ற தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் ஹந்தானையிலும், பல்கலைக்கழகம் பேராதனையிலும் உள்ளன. எமது மாணவர்க்கு இவை சில மைல் தொலைவே. ஆயினும் வாயிலைக்கூடக் காணாதவர் பலர். மூலகங்களின் பெயரையும் நிறையையும் மனனஞ் செய்வதோடு இரசாயனம் முடிந்துவிடுவதாக அவர்கள் எண்ணினால் குற்றம் எம்முடையதே.

ஆகவே பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். யூபிலி நினைவாகத் தோரண வாயில் எழுப்புவது நன்று. ஆய்வுகூடத்திற்கு ஒரு நல்ல நுணுக்குக்காட்டி வழங்குவது அதனினும் நன்று. சலவைச் சோடா கரைத்த நீரில், வழவழப்பான காபன் கோலொன்றையும் அரத்தாளால் உரைத்த கோலொன்றையும் மாறிமாறி மின்வாயாக இட்டு, எதில் குமிழிகள் மிகுதியாக எழுகின்றன என்று மாணவர் தாமே காணட்டும். செலவு சிறிது, அதனால் எழும் வினாக்கள் அவர்களைப் பேராதனைவரை அழைத்துச் செல்லும்.