டேப்பைப் பிரித்தே ஆக வேண்டும்

ஹூட் தாழ்வாக இருக்கிறது, மணிக்கட்டு வலிக்கிறது என்று ஒருவர் தம் ரோடு பைக்கைக் கொண்டுவந்தால், கை முதலில் போவது ஸ்டெம் போல்ட்டுகளுக்குத்தான். அவற்றைத் தளர்த்தி ஹேண்டில்பாரையே மேல்நோக்கிச் சுழற்றி இறுக்கினால் வேலை நிமிடங்களில் முடிந்துவிடும். ஹூட் உயர்வது உண்மை. ஆனால் டிராப்பும் கூடவே சுழன்று, அதன் முனைகள் தரையைப் பார்க்கத் தொடங்கும். கீழே பிடிக்கும் கைக்குச் சரியான இருக்கை இல்லாமல் போகும். பாரின் கோணத்தை டிராப்பைப் பிடிக்கும் கை முடிவுசெய்ய வேண்டும். லீவரின் இடத்தை ஹூட்டில் அமரும் கை முடிவுசெய்ய வேண்டும். இரண்டும் தனித்தனி வேலைகள். இரண்டாவதற்கு டேப்பைப் பிரித்தே ஆக வேண்டும்.

பாரின் கீழ்ப்பகுதியோடு ஒரு நேர்கோலைப் பிடித்து, லீவரின் நுனி அதைத் தொடும்படி வைப்பது பழைய தலைமுறை மெக்கானிக்குகளின் விதி. லீவர் பிரேக் பிடிக்க மட்டுமே பயன்பட்ட காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. 1990-இல் ஷிமானோவும் 1992-இல் கம்பாக்னோலோவும் கியர் மாற்றும் வேலையையும் லீவருக்குள் கொண்டுவந்தபின், ஓட்டுபவரின் கை நெடுநேரம் தங்கும் இடமாக ஹூட் மாறிவிட்டது. அது முன்பக்கம் சரிந்திருந்தால் உள்ளங்கை வழுக்கும். அளவுக்கு மீறி நிமிர்ந்திருந்தாலோ மணிக்கட்டு கோணலாக மடங்கும். மடங்கிய மணிக்கட்டில் உடல் எடை இறங்கும்போது, சுண்டுவிரல் பக்கமாக உள்ளங்கைக்குள் நுழையும் அல்னார் நரம்பு நசுங்கி, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். இதைச் சரிசெய்யப் பெரிய நகர்வு தேவையில்லை. வளைவின் ஆரம் 70 மி.மீ. என்றால், லீவரை 10 மி.மீ. நகர்த்தினாலே சாய்வு சுமார் 8 பாகை மாறிவிடும். அதனால்தான் கண்மதிப்பை நம்பக்கூடாது என்கிறோம்.

பெரும்பாலானோர் டிராப்பைத் தொடுவதே இல்லை, ஹூட் வசதியாக இருந்தால் போதாதா என்ற கேள்வி எழும். அவர்கள் டிராப்பைத் தேடும் நேரம் எது என்று பார்க்க வேண்டும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குபவருக்கு, ஹூட்டிலிருந்து இழுப்பதைவிட டிராப்பிலிருந்து லீவரின் நுனிப்பக்கத்தை இழுக்கும்போது நெம்புவிசை கூடுதலாகக் கிடைக்கிறது, கையும் நழுவாது. லீவரை வளைவில் மிக மேலே ஏற்றினால் நுனி முன்னோக்கி விலகி, அங்கிருந்து விரலுக்கு எட்டாது. ரீச் திருகால் ஓரளவு அருகில் கொண்டுவரலாம். அப்படிச் செய்தபின் முழு பிரேக் பிடிக்குமுன் லீவர் பாரில் இடிக்கிறதா என்று பார்க்காமல் வண்டியை ஒப்படைக்கக்கூடாது. சிறிய கை உள்ளவர்கள் விஷயத்தில் இந்தச் சோதனையை இருமுறை செய்தாலும் தகும்.

செலவும் நேரமும் அடுத்த தடை. டேப் கீழிருந்து சுற்றப்பட்டு ஸ்டெம் அருகே முடிவதால், லீவருக்குச் சற்றுக் கீழ் வரை பிரித்தாலே போதும். பசை முரடாக இல்லையென்றால் அதே டேப்பை மீண்டும் சுற்றலாம். பாருக்குள் ஓடும் ஹைட்ராலிக் குழாய் உண்மையான சிக்கல்தான், அங்கே தளர்வு குறைவு. புதிய வண்டியில் குழாயை வெட்டுமுன் ஓட்டுபவரை உட்காரவைத்து லீவரின் இடத்தை முடிவுசெய்வதே அதற்கு வழி. பந்தய வீரர்களைப் பார்த்து ஹூட்டை உள்நோக்கித் திருப்பக் கேட்பவர்களிடம், சர்வதேச சைக்கிள் சங்கமான யுசிஐ 2024 முதல் அதற்கு 10 பாகை வரம்பு விதித்திருப்பதைச் சொல்லலாம். அன்றாடம் ஓட்டுபவருக்கு அவ்வளவுகூடத் தேவைப்படாது.

இறுக்கும்போது ஷிமானோ சொல்லும் 6 முதல் 8 நியூட்டன் மீட்டர் அளவை டார்க் ரெஞ்சில் வையுங்கள். கார்பன் பாரில் பார் தயாரிப்பாளரின் வரம்பு குறைவாக இருந்தால் அதுவே செல்லும். பார் முனையிலிருந்து லீவர் நுனி வரை இருபக்கமும் அளந்து, அந்த எண்களையும் பாரின் கோணத்தையும் வேலை அட்டையில் தனித்தனி வரிகளில் எழுதுங்கள். அடுத்த முறை அந்த வண்டி வேறொரு மெக்கானிக்கின் கைக்குப் போனாலும், எதை நகர்த்தினோம், எதை நகர்த்தவில்லை என்பது அவருக்குத் தெரியும்.