தண்டனைக்கு ஓர் எல்லை வேண்டாமா?

சிறைவாசம் முடிந்து வெளியே வந்த ஒருவன், முப்பத்தைந்து அல்லது நாற்பது வயதில் கலாசாலையிற் சேர்ந்து படிக்க விரும்பினால், அவனுக்கு அங்கே இடமுண்டா இல்லையா? இது சிலருடைய சொந்த விஷயமென்று தள்ளிவிடத் தக்கதன்று. தேசத்தார் யோசித்து ஒரு முடிவுக்கு வரவேண்டிய பிரச்னையாகும்.

சிறைக்குள் இருக்கும்வரை அவனைப் படிக்கும்படி சர்க்காரே தூண்டுகிறது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் சிறைச்சாலைகளுக்குள்ளேயே கல்வி நிலையங்களை நடத்திக் கைதிகளைக் கட்டணமின்றிப் படிக்க வைத்திருக்கிறது. கைதி ஒருவன் பரீக்ஷையில் தேறினால் அதிகாரிகள் பாராட்டுகிறார்கள். பத்திரிகைகளும் அச்செய்தியை மகிழ்ச்சியுடன் வெளியிடுகின்றன. ஆனால் அதே மனிதன் விடுதலையாகி வந்து வெளியிலுள்ள கலாசாலை ஒன்றின் படியில் ஏறும்போது, பாராட்டியவர்களில் ஒருவரும் அவன் பக்கத்தில் நிற்பதில்லை. கடைசியாகப் படித்த பள்ளியிலிருந்து நன்னடத்தைச் சான்றிதழ் கொண்டுவரச் சொல்கிறார்கள். இருபது வருஷத்துக்கு முன் பள்ளியை விட்டவனுடைய இன்றைய நடத்தையை அப்பள்ளியின் தலைமையாசிரியர் எங்ஙனம் அறிவார்? இடைக்காலத்தில் எங்கிருந்தாய் என்ற கேள்வி அடுத்தபடியாக வருகிறது. உண்மை சொன்னால் கதவு அடைபடுகிறது; பொய் சொன்னால் அப்பொய்யே பின்னால் புதுக் குற்றமாகிறது.

சட்டக் கல்வி விஷயத்தில் இந்தக் கேள்வி எழுத்து மூலமாகவே கேட்கப்பட்டது. 2024ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் இந்திய பார் கவுன்சில் சட்டக் கல்வி நிலையங்களுக்கெல்லாம் ஒரு சுற்றறிக்கை அனுப்பிற்று. மாணவர்கள் தங்கள்மீது முதல் தகவல் அறிக்கையோ, வழக்கோ, தண்டனையோ, விடுதலைத் தீர்ப்போ இருந்தால் அதைத் தெரிவிக்க வேண்டுமென்றும், கவுன்சிலின் முடிவு தெரிந்த பிறகே இறுதி மதிப்பெண் பட்டியலும் பட்டமும் வழங்கவேண்டுமென்றும் அதில் கண்டிருந்தது. வக்கீல் தொழிலின் கௌரவத்தைக் காப்பதே நோக்கமென்பதில் நமக்குச் சந்தேகமில்லை. நோக்கம் நல்லது. வழியோ நியாயமற்றது.

அங்கே கேட்கப்பட்டது எவ்வளவு விஸ்தாரமானதென்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும். தண்டனை பெற்றவனை மட்டும் அக்கேள்வி தொடவில்லை. வழக்கு நிலுவையிலிருப்பவனும் பதில் சொல்லவேண்டும்; நியாயஸ்தலம் குற்றமற்றவனென்று விடுவித்தவனும் பதில் சொல்லவேண்டும். 2022ஆம் வருஷ முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது, குற்றம் ருஜுவாகாதவர்கள். சாலை மறியலிலோ ஊர்வலத்திலோ கலந்துகொண்டதற்காகப் போலீஸ் குறிப்பில் பெயர் ஏறிய இளைஞர்கள் ஒவ்வொரு ஜில்லாவிலும் உண்டு. பொதுக்காரியத்தில் ஈடுபட்டுள்ள நம் நேயர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. முதல் தகவல் அறிக்கை என்பது ஒருவர் கொடுத்த புகாரின் பதிவேயன்றித் தீர்ப்பாகாது. அதைக் காரணங்காட்டிப் பட்டத்தை நிறுத்திவைப்பது, விசாரணைக்கு முன்பே அபராதம் வசூலிப்பதற்கு ஒப்பாகும்.

இனி, உண்மையிலேயே குற்றஞ்செய்து தண்டனை அனுபவித்தவனை எடுத்துக்கொள்வோம். அவன் விஷயத்தில் நம் சட்டங்கள் என்ன சொல்கின்றன? 1951ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, இரண்டு வருஷமோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவன், விடுதலையாகி ஆறு வருஷங் கழிந்தபின் தேர்தலில் நிற்கலாம். 1961ஆம் வருஷத்து வக்கீல்கள் சட்டம், ஒழுக்கக்கேடான குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவனை வக்கீலாகப் பதிவு செய்யலாகாதென்று சொல்கிறது. ஆனால் விடுதலையாகி இரண்டு வருஷம் சென்றதும் அத்தடை நீங்கிவிடும் என்று அதே பிரிவு சொல்கிறது. 1958ஆம் வருஷத்து நன்னடத்தைச் சட்டத்தின்கீழ் விடுவிக்கப்பட்டவனுக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பே கிடையாது. குற்றஞ்செய்த சிறார்களுக்கும், சில விலக்குகள் நீங்கலாக, 2015ஆம் வருஷத்துச் சட்டம் இந்தப் பாதுகாப்பை அளித்திருக்கிறது.

ஆக, தகுதியிழப்பு விதிக்கும்போது அதற்கு ஒரு காலவரம்பும் விதிப்பதே நம் சட்டங்களின் போக்காகக் காண்கிறது. கலாசாலை விண்ணப்பத்துக்கு மட்டும் அத்தகைய எல்லை ஒன்றுமில்லை. தேசத்துக்குச் சட்டமியற்றும் சபையில் உட்கார ஆறு வருஷம் போதுமானால், அச்சட்டத்தைப் படிக்கும் பெஞ்சியில் உட்கார ஒருவன் எத்தனை வருஷம் காத்திருக்கவேண்டும்? வக்கீலாகவே பதிவு செய்துகொள்ள இரண்டு வருஷத்தில் அனுமதிக்கும் சட்டத்தின் நிழலில், படித்துத் தேறியவனுடைய பட்டத்தை நிறுத்திவைப்பது எந்த நியாயத்தின்பாற் படும்?

பிற தேசங்களின் அனுபவத்தையும் பார்ப்போம். இங்கிலாந்தில் 1974ஆம் வருஷத்திலேயே, குறிப்பிட்ட காலம் ஒழுங்காக நடந்துகொண்டவனுடைய சிறிய தண்டனைகள் தீர்ந்துபோனதாகக் கருதப்படவேண்டுமென்று சட்டஞ்செய்தார்கள். நம் தேசத்தில் வயது வந்தோருக்கு இத்தகைய பொதுச் சட்டம் இயற்றப்படவில்லை. அத்தேசத்துக் கலாசாலைகளுக்கு விண்ணப்பங்களைப் பெறும் பொது ஸ்தாபனம் 2018ல் இன்னொரு படி முன்னே சென்றது. வைத்தியம், உபாத்திமைத் தொழில் போன்ற சில படிப்புகள் நீங்கலாக, மற்றெல்லாவற்றிற்கும் தண்டனையைப் பற்றிய கேள்வியையே எடுத்துவிட்டது.

அமெரிக்காவின் அனுபவம் இன்னும் தெளிவானது. நியூயார்க் மாகாண சர்வகலாசாலையைப் பற்றி 2015ல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. பெருங்குற்றத்துக்காகத் தண்டனை பெற்றதாக விண்ணப்பத்தில் எழுதியவர்களில் நூற்றுக்கு 62 பேருக்கு மேல் அந்த விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்யாமலே விட்டுவிட்டார்களென்று அது காட்டிற்று. மொத்த விண்ணப்பதாரரில் அப்படி விட்டவர்கள் நூற்றுக்கு 21 பேரே. அவர்களை யாரும் நிராகரிக்கவில்லை. கேள்வியும், அதைத் தொடர்ந்து கேட்கப்பட்ட தஸ்தாவேஜுகளுமே அவர்களைத் திருப்பியனுப்பிவிட்டன. மறு வருஷமே அச்சர்வகலாசாலை முதல் விண்ணப்பத்திலிருந்து அக்கேள்வியை நீக்கத் தீர்மானித்தது. 1994ல் கைதிகளுக்கு நிறுத்தப்பட்ட கல்வி உதவித்தொகையை, 29 வருஷங் கழித்து 2023 ஜூலையில் அமெரிக்க சர்க்கார் திரும்பவும் வழங்க முன்வந்தது. இது வெறும் இரக்கத்தால் விளைந்ததன்று. சிறையில் கல்வி பெற்றவர்கள் மறுபடி சிறைபுகும் வாய்ப்பு, பெறாதவர்களைவிட நூற்றுக்கு 43 வீதம் குறைவென்று அங்கே ராண்ட் ஸ்தாபனம் 2013ல் கணக்கிட்டுக் கூறியிருந்தது. படித்தவன் திரும்பிப் போகாவிட்டால் சிறைச்செலவு மிச்சம்; அவனால் துன்புற இருந்தவர்களுக்கும் க்ஷேமம்.

'எங்கள் பிள்ளைகள் பதினெட்டு வயதினர். அவர்கள் நடுவில் சிறை சென்று வந்தவனை உட்காரவைப்பதா?' என்று பெற்றோர் கேட்பார்கள். இந்த ஆக்ஷேபத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. பெண்களிடத்தும் குழந்தைகளிடத்தும் கொடுமை இழைத்தவன் விஷயத்தில் விசேஷ ஜாக்கிரதை அவசியமே. விடுதியில் இடமளிப்பதும், குழந்தைகளோடு பழகவேண்டிய பயிற்சிகளுக்கு அனுப்புவதும் தனித்தனியே ஆராய்ந்து முடிவு செய்யத் தக்கவை. ஆனால் அந்தச் சிலரைக் காட்டிச் செக்கு மோசடியில் தண்டனை பெற்றவனையும், இருபது வயதில் ஒரு கைகலப்பில் சிக்கியவனையும் ஒரே கயிற்றில் கட்டுவது விவேகமாகாது. மேலும், அம்மனிதன் கலாசாலைக்கு வெளியே எங்கே இருக்கிறான்? பெற்றோரும் பிள்ளைகளும் நடக்கும் அதே தெருவில்தான் இருக்கிறான். வேலையும் கல்வியும் மறுக்கப்பட்டுத் தெருவில் நிற்பவனைவிட, புஸ்தகமும் கையுமாக வகுப்பில் இருப்பவனால் ஊருக்கு அபாயம் குறைவு.

தண்டனை முடிந்த பின்னும் தண்டிக்கும் வழக்கத்தின் கொடுமையைத் தமிழர் மறந்திருக்க முடியாது. 1908ல் ராஜத்துவேஷக் குற்றஞ்சாட்டிச் சிறையிலிடப்பட்ட ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை 1912ல் விடுதலையானபோது, அவருடைய வக்கீல் சன்னது பறிபோயிருந்தது. கப்பலோட்டியவர் பிழைப்புக்காகச் சில்லறை வியாபாரம் செய்ய நேர்ந்தது. வாலேஸ் என்ற ஆங்கில நீதிபதியின் உதவியால் பல வருஷங்களுக்குப் பின்னரே சன்னது திரும்பக் கிடைத்தது. அந்நன்றியால் தம் புதல்வருக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். தேசபக்தரையும் திருடனையும் ஒரு தட்டில் வைக்கலாமா என்று சிலர் சீறக்கூடும். நாம் இருவரையும் ஒப்பிடவில்லை. சிறைக்கதவு திறந்தபின் பிழைப்பின் கதவை அடைக்கும் முறையையே கண்டிக்கிறோம். அம்முறை அந்நிய ஆட்சியின்கீழ் அநியாயமென்றால், நம் சொந்த ஆட்சியில் அது நியாயமாகிவிடாது.

ஆகவே சர்க்காரும் சர்வகலாசாலைகளும் செய்யவேண்டியவை இவை. முதல் விண்ணப்பத்தில் இக்கேள்வி கூடாது. தகுதியைப் பார்த்து இடம் அளிக்கவேண்டும். தொழிற்சட்டம் அவசியமாக்கும் படிப்புகளில் மட்டும், இடம் அளித்த பிறகு, தீர்ப்பான தண்டனையை மட்டும் கேட்கலாம்; நிலுவை வழக்கையும் விடுதலைத் தீர்ப்பையும் கேட்கலாகாது. மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் கொடுத்து, அவன் சமாதானத்தையும் கேட்டு, மேல்முறையீட்டுக்கு வழி வைக்கவேண்டும். பள்ளியை விட்டு நெடுநாளானவர்களிடம் பழைய நன்னடத்தைச் சான்றிதழை வற்புறுத்தலாகாது. சிறையில் படிப்பைத் தொடங்கியவன் விடுதலையான பின்னும், அதே சலுகையோடு தன் ஊருக்கு அருகில் அதை முடிப்பதற்கு விதி தெளிவாக இருக்கவேண்டும். தீர்ந்துபோன தண்டனைகளைப் பற்றிய பொதுச் சட்டம் ஒன்றைப் பார்லிமெண்டு இயற்றவேண்டும்.

வயது சென்றவர்களுக்கு இதற்குமுன் கதவுகள் திறக்காமலில்லை. வைத்தியப் படிப்பின் நுழைவுப் பரீக்ஷைக்கு இருந்த வயது உச்சவரம்பையே 2022ல் நீக்கினார்கள். நாற்பது வயதில் படிக்க வருபவன் வேடிக்கைக்கு வருவதில்லை. இழந்த வருஷங்களின் கணக்கை அறிந்தே வருகிறான். நியாயஸ்தலம் விதித்த தண்டனைக்கு முதல்நாளும் கடைநாளும் உண்டு. அந்தக் கடைநாளை அழித்தெழுதக் கலாசாலை குமாஸ்தாவின் பேனாவுக்கு அதிகாரமில்லை. தொண்டர்கள் தங்கள் தொகுதிச் சட்டசபை அங்கத்தினரிடமும் பார்லிமெண்டு அங்கத்தினரிடமும் இதை எடுத்துச் சொல்லவேண்டும். கலாசாலை நிர்வாகங்களில் உள்ளவர்கள் சட்டம் வரட்டுமென்று காத்திராமல், வரும் வருஷத்து விண்ணப்பப் பாரத்தையே திருத்தலாம். அதற்கு ஒரு பைசா செலவில்லை.