பாரிஸில் கேட்ட கேள்வியை ஊரில் ஏன் கேட்பதில்லை?



காரைக்கால், புதுச்சேரி வட்டாரங்களில் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்கள் தலைமுறைகளாக இருப்பதால், நம்மவர்களில் பலருக்குப் பிரான்ஸ் அந்நிய நாடாகத் தோன்றுவதில்லை. உறவினர் அழைப்பின் பேரில் நாங்களும் ஒரு கோடையில் அங்குச் சென்று சில நாள்கள் தங்கினோம். அந்நாள்களில் உணவகங்களில் அமர்ந்து உண்டபோது எழுந்த எண்ணங்களையே இங்கு எழுதுகிறோம்.

பாரிஸில் ஒரு நண்பகல். சிறிய உணவகம் ஒன்றில் வெங்காய சூப் கேட்கலாம் என்றிருந்தோம். வெங்காயத்தில் என்ன ஹராம் இருக்கப்போகிறது? ஆயினும் உடன்வந்த உறவினர் பரிமாறுபவரிடம் விசாரித்தார். அவர் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர் அல்லர். முகம் சுளிக்காமல் சமையலறைக்குள் சென்று கேட்டுவந்து, வெங்காயத்தை வதக்கும்போது வெள்ளை ஒயின் ஊற்றுகிறார்கள் என்றும், சாறு மாட்டெலும்பில் எடுத்தது என்றும் கூறினார். முட்டையும் பாலாடைக்கட்டியும் மட்டும் வைத்துப் பன்றி இறைச்சி இல்லாமல் மாவுரொட்டி ஒன்று செய்துதர முடியும் என்று அவரே வழியும் காட்டினார்.

பிரான்ஸின் சமையல் அத்தகையது. மாட்டிறைச்சியைச் சிவப்பு ஒயினில் வேகவைப்பார்கள், கோழியையும் அவ்வாறே. 'கீஷ் லொரேன்' என்னும் முட்டைப் பணியாரத்தில் 'லார்தோன்' எனப்படும் பன்றி இறைச்சித் துண்டுகள் இருக்கும். கடலில் வாழ்பவை அனைத்தும் ஆகுமானவை என்னும் ஷாஃபிஈ மத்ஹபைச் சார்ந்த நம் கடற்கரையூர்க்காரர் ஒருவர், சிப்பி உணவைக் கண்டு மகிழ்ந்து கேட்டுவிடக்கூடும். ஆனால் அந்தச் சிப்பியும் பெரும்பாலும் வெள்ளை ஒயினில் வெந்ததாகவே இருக்கும். கொதிக்கும்போது மது ஆவியாகிவிடுகிறதே என்று சிலர் வாதிடுகின்றனர். மதுவை அசுத்தம் எனக் கொள்ளும் பெரும்பான்மை ஃபிக்ஹு அறிஞர்களிடம் இவ்வாதம் செல்லாது. ஐரோப்பியச் சட்டப்படி உணவகங்கள் ஒவ்வாமை தரும் 14 பொருள்களைப் பற்றி அறிவித்தாக வேண்டும். கடுகும் எள்ளும்கூட அப்பட்டியலில் உண்டு. மதுவும் பன்றி இறைச்சியும் இல்லை. எனவே வாய்திறந்து கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

'ஹலால்' என்று எழுதிய கடைகளும் அங்கு ஏராளம். ஹலால் முறையில் அறுப்போருக்கு அனுமதிச் சான்று வழங்கும் பொறுப்பைப் பாரிஸ், லியோன், எவ்ரி ஆகிய மூன்று ஊர்களின் பெரிய பள்ளிவாசல்களுக்கு அந்நாட்டு அரசு 1990களில் அளித்தது. ஆனால் கடைவாசலில் அச்சொல்லை எழுதுவதற்கு அரசின் பொதுமுத்திரை எதுவும் கிடையாது. ஆகவே அங்கு வாழும் முஸ்லிம்கள் இறைச்சி எங்கிருந்து வருகிறது, யார் சான்று அளித்தார்கள் என்று இயல்பாகக் கேட்கின்றனர். கேட்கப்படுபவரும் சான்றை எடுத்துக் காட்டுகிறார். இதில் இருவருக்கும் மனவருத்தம் இல்லை.

பயணத்தில் எல்லாம் 'நிர்ப்பந்தம்' என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு உண்பவர்களும் நம்மில் இருக்கிறார்கள். மீனும் முட்டையும் காய்கறியும் பழமும் ரொட்டியும் தெருவுக்குத் தெரு கிடைக்கும் ஊரில் நிர்ப்பந்தம் எங்கிருந்து வந்தது? விடுமுறை என்பது வேலைக்குத்தான், மார்க்கத்திற்கு அல்ல.

ஆனால் நம்மை உறுத்தியது இதுவன்று. ஊர் திரும்பிய மறுவாரம், நெடுஞ்சாலையோரம் நம்மவர் நடத்தும் ஓர் உணவகத்தில் பிரியாணி உண்ணச் சென்றோம். கோழி எங்கு அறுக்கப்படுகிறது என்று எங்கள் மகள் கேட்டாள். பாரிஸில் பழகிய பழக்கம். கல்லாவில் இருந்தவரின் முகம் மாறியது. "பாய் கடையில வந்து இந்தக் கேள்வியா?" என்றார். உண்மையில் அவரைவிட நாங்களே அதிகம் கூசிப்போனோம். "வாப்பா, நான் கேட்டது தப்பா?" என்று மகள் கேட்டபோது சட்டென்று விடை வரவில்லை. மதரஸாவில் பிள்ளைகளுக்குச் சந்தேகத்திற்குரியவற்றைத் தவிர்க்கும் பாடத்தை நடத்தும் நாம், இத்தனை ஆண்டுகளில் ஒரு கடையிலும் அக்கேள்வியைக் கேட்டதில்லை. பச்சை எழுத்துப் பலகையும் கல்லாவில் ஒரு தொப்பியும் நமக்குப் போதுமானவையாக இருந்தன.

இங்கு ஓர் ஐயம் எழலாம். அண்மையில் இஸ்லாத்தைத் தழுவியவர்கள் கொண்டுவந்த இறைச்சியைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, பிஸ்மில்லாஹ் சொல்லி உண்ணுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறியதாக ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பு புகாரியில் உள்ளது. முஸ்லிமின் மீது நல்லெண்ணம் கொள்வதே அடிப்படை. துருவித் துருவி ஆராய்ந்து பிறரை நோகடிப்பது நம் வழியன்று. இதை ஏற்கிறோம். ஆனால் அன்றைய இறைச்சி, தன் கையால் அறுத்தவரே கொண்டுவந்தது. இன்றோ உறைந்த கோழி பெட்டி பெட்டியாக வெளியூர்த் தொழிற்சாலையிலிருந்து வந்திறங்குகிறது. அதை அறுத்தவர் யார் என்பது கடைக்காரருக்கே தெரிவதில்லை. நல்லெண்ணம் வைப்பதற்கும் ஓர் ஆள் வேண்டுமல்லவா?

மற்றொன்றையும் சொல்லவேண்டும். பிரான்ஸில் விலைக்கு அஞ்சி ஆளுக்கொரு தட்டு மட்டும் கேட்டோம். ஒரு பருக்கைகூட மிஞ்சவில்லை. ஊரில் அதே குடும்பம் பிரியாணியும் கிரில் கோழியும் பரோட்டாவும் ஒருசேர வரவழைத்து, பாதியை மேசையில் விட்டு எழுகிறது. வாரந்தோறும் இது நடக்கிறது. ஒரே சஹனைச் சுற்றி நால்வர் அமர்ந்து, தன் பக்கத்தில் உள்ளதை எடுத்து உண்டு, கடைசிப் பருக்கைவரை வழித்தெடுத்த பிள்ளைகள்தாம் நாம். பணம் கொடுத்தது நாம்தானே என்னும் எண்ணம் அந்தப் பழக்கத்தை மறக்கடித்துவிட்டது. கொடுத்த பணத்திற்கு மட்டுமல்ல, விட்டுவந்த சோற்றுக்கும் கேள்வி உண்டு.

வெளியில் உண்பதே கூடாது என்று நாம் சொல்லவரவில்லை. நாள் முழுதும் அடுப்படியில் நிற்கும் பெண்களுக்கு ஒருவேளை ஓய்வு தருவதும் நன்மையே.

அந்த நெடுஞ்சாலைக் கடைக்கு நாங்கள் பிறகு செல்லவில்லை. பேருந்து நிலையத்தின் பின்புறம் சிறிய கடை ஒன்று இருக்கிறது. மகளின் கேள்விக்கு அக்கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "வாம்மா" என்று கொல்லைப்புறம் அழைத்துச் சென்று அறுக்கும் இடத்தையும் அறுப்பவரையும் காட்டினார். பரோட்டா சற்று முரடுதான். இப்போது அங்குதான் செல்கிறோம். ஆளுக்கு இரண்டு என்று எண்ணிச் சொல்லுகிறோம்.