சேதுவுக்குக் கடலூரில் இரண்டு ஆட்டம்: விளையாட்டுத் துறை அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,



சிதம்பரத்தில் குடியிருந்துகொண்டு கடலூருக்கு வேலைக்குப் போய் வருகிறவள் நான். பெண்கள் கால்பந்து ரசிகை. மதுரையின் சேது எஃப்சி என் அணி. என் கோரிக்கை ஒன்றுதான். இந்தியப் பெண்கள் லீக்கில் சேதுவின் சொந்த மைதான ஆட்டங்களில் இரண்டையாவது கடலூர் அண்ணா விளையாட்டு அரங்கத்தில் நடத்த அரசு முன்கை எடுக்க வேண்டும். மதுரை அணிக்குக் கடலூரில் என்ன வேலை என்று உங்கள் அதிகாரிகள் கேட்பார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த மடல் கொஞ்சம் நீளுகிறது.

தமிழ்நாட்டுப் பெண்கள் கால்பந்தின் கதையை யார் எழுத உட்கார்ந்தாலும் கடலூரில்தான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. 2004 டிசம்பர் 26 அன்று அலை வந்து தேவனாம்பட்டினத்தையும் சோனாங்குப்பத்தையும் சிங்காரத்தோப்பையும் புரட்டிப் போட்டது. சிதம்பரம் பக்கம் கிள்ளைக் கரையோரமும் தப்பவில்லை. பெற்றோரை இழந்த பிள்ளைகளும், பெற்றவர்கள் இருந்தும் வளர்க்க வழியற்றுப் போன பிள்ளைகளும் அரசுக் காப்பகத்துக்கு வந்தார்கள். அங்கிருந்த பெண் பிள்ளைகளின் காலில் பந்தைக் கொண்டுவந்து சேர்த்தவர்களில் பயிற்சியாளர் மாரியப்பனின் பெயர் முதலில் நிற்கும். வேளைக்குச் சாப்பாடு, பள்ளிக்கூடம், காலையும் மாலையும் கிரவுண்டு என்று ஓடிய அந்தப் பிள்ளைகள் மாவட்டம், மாநிலம், தேசியம் என்று ஏறினார்கள். கடலூரின் இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்வி அகாடமி 2018இல் ஷில்லாங் போய் இந்தியப் பெண்கள் லீக்கில் ஆடியது. பெரிய முதலாளி கிடையாது, விளம்பரம் கிடையாது. கிளப்புகளின் பெயர்ப் பட்டியலில் அந்த நீளமான பெயரைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, பெருமையும் வந்தது. காப்பகத்திலிருந்தும் அரசுப் பள்ளியிலிருந்தும் வந்தவர்கள் நாட்டின் உச்சி லீக்கில் ஆடினார்கள் என்பதை நம் மாநிலம் இன்னும் சரியாக வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை.

அதே ஆண்டு பிப்ரவரியில் கட்டாக்கில் இன்னொன்று நடந்தது. தேசிய சீனியர் பெண்கள் கால்பந்துக் கோப்பை என்றால் மணிப்பூரின் சொத்து என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். இறுதி ஆட்டத்தில் அந்த மணிப்பூரை 2-1 என்று தமிழ்நாடு வென்றது. நமக்கு முதல் பட்டம். 2023 ஜூனில் அமிர்தசரஸில் ஹரியானாவை அதே 2-1 கணக்கில் வென்று இரண்டாம் முறையும் கோப்பை வந்தது. அந்த அணிகளின் நடுவில் நின்று ஆட்டத்தை நடத்தியவர் எங்கள் கடலூர் இந்துமதி கதிரேசன். அவர் தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2020 ஊரடங்கில் விளையாட்டுக்காரர்கள் பலர் வீட்டு மாடியில் பயிற்சி செய்து வீடியோ போட்டுக்கொண்டிருந்தபோது, அவர் முகக்கவசத்தோடு சென்னைச் சாலையில் வண்டிகளை நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்தார். விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை தருவதில் தமிழ்நாடு கை நீட்டிக் கொடுக்கிற மாநிலம். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. வேலை வாங்கியவர் ஆடுவதை ஊரார் பார்க்க வழி இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

இப்போது சேதுவுக்கு வருகிறேன். 2016இல் தொடங்கிய கிளப். மூன்றே ஆண்டில், 2019 மே 22 அன்று லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று இந்தியப் பெண்கள் லீக்கின் சாம்பியன் ஆனது. நேபாளத்தின் சபித்ரா பண்டாரி அந்த சீசனில் சேதுவுக்கு ஆடினார். பந்து அவர் காலுக்குப் போனாலே எதிரணித் தடுப்புக்காரர்களுக்கு வியர்க்கும். ஆனால் மறுநாள் என்ன நாள் என்று நினைத்துப் பாருங்கள். மே 23, மக்களவைத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை. தொலைக்காட்சி முழுக்க முன்னிலை நிலவரம், பத்திரிகை முழுக்க தொகுதிப் பட்டியல். அதே ஆண்டு மார்ச்சில் சென்னை சிட்டி ஆண்கள் ஐ-லீக்கை வென்றிருந்தது. இரண்டு தேசியப் பட்டங்களும் ஒரே சீசனில் தமிழ்நாட்டுக்கு வந்தன என்பதை இன்று நூறு பேரிடம் கேட்டால் எத்தனை பேர் சொல்வார்கள்? சென்னை சிட்டி இப்போது மேல்மட்ட லீக்குகளில் இல்லை. பட்டம் வாங்கினால் கிளப் பிழைத்துவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஒரு ரசிகைக்கு சீசன் என்றால் என்ன, ஐயா? கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எந்தக் கிழமை ஆட்டம், எந்த ஊரில், போன முறை இதே அணியிடம் எப்படித் தோற்றோம், காயம் பட்டவர் திரும்பிவிட்டாரா என்று இரண்டு மூன்று மாதம் மனது அதிலேயே கிடக்க வேண்டும். பெண்கள் லீக்கில் அந்தச் சுகம் எங்களுக்கு வெகுகாலம் கிடைக்கவே இல்லை. 2017இல் டெல்லி, 2018இல் ஷில்லாங், 2019இல் லூதியானா, 2020இல் பெங்களூரு, 2022இல் புவனேஸ்வர், 2023இல் அகமதாபாத். எல்லா அணிகளையும் ஒரே ஊரில் தங்கவைத்து, சில வாரங்களில் ஆட்டங்களை அடுக்கி முடித்துவிடுவார்கள். 2021இல் கொரோனாவால் லீக்கே நடக்கவில்லை. 2022இல் புவனேஸ்வரில் பட்டம் யாருக்கு என்பது கடைசி ஆட்டம் வரை தெரியாமல் இருந்தது. சேதுவும் கோகுலம் கேரளாவும் மோதின, கோகுலம் 3-1 என்று வென்றது. நானும் இன்னும் சிலரும் ஒரு கைப்பேசியைச் சுற்றி உட்கார்ந்து யூடியூபில் பார்த்தோம். நெட் சுற்றிக்கொண்டே இருந்தது. படம் திரும்பி வரும்போது எதிரணி கொண்டாடிக்கொண்டிருக்கும். கோல் எப்படி விழுந்தது என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வோம்.

இன்னொரு தர்மசங்கடமும் உண்டு. இந்துமதியும், கடலூர் மாவட்டத்திலிருந்து வந்த சந்தியா ரங்கநாதனும் சேது சட்டையிலும் ஆடியிருக்கிறார்கள், கோகுலம் சட்டையிலும் ஆடியிருக்கிறார்கள். சேது என் அணி, அவர்கள் என் ஊர்ப் பெண்கள். எதிரணியிலிருந்து சந்தியா பந்தோடு ஓடிவந்தால் கை தட்டுவதா, பல்லைக் கடிப்பதா? அவர்கள் போனதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆடும் காலம் குறுகியது, நல்ல சம்பளம் கிடைக்கும் இடத்துக்குப் போவதுதான் புத்தி. 2023இல்தான் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு, லீக்கின் மேல்மட்டக் கிளப் ஒவ்வொன்றும் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுக்கு ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாயாவது தர வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. மாதத்துக்குக் கணக்குப் போட்டால் இருபத்தேழாயிரம் ரூபாயைத் தொடாது. அதுவும் வராத காலத்தில்தான் நம் பெண்கள் தேசியக் கோப்பையைத் தூக்கினார்கள்.

2023-24 சீசனில்தான் முதன்முறையாக ஆட்டங்கள் ஊர் ஊராக நடந்தன. ஏழு அணிகள், சொந்த மைதானத்தில் ஒன்று, எதிரணி மைதானத்தில் ஒன்று. ஒடிசா எஃப்சி சாம்பியன். அடுத்த சீசனில் எட்டு அணிகள், ஈஸ்ட் பெங்கால் சாம்பியன். எட்டு அணி என்றால் அணிக்கு 14 ஆட்டம், அதில் ஏழு சொந்த மைதானத்தில். இந்த ஏழில் இரண்டைத்தான் கேட்கிறேன். சேது நிர்வாகத்தைப் பேச்சுக்கு அழைத்து, பயணச் செலவையும் தங்குமிடத்தையும் துறை ஏற்றுக்கொண்டால் மறுப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆள் வருமா என்ற சந்தேகம் வரும். இது பழைய சந்தேகம். 1920 டிசம்பரில் லிவர்பூலின் குடிசன் பார்க்கில் டிக் கெர் ஆலைப் பெண்களின் ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் கூடினார்கள். அடுத்த ஆண்டே இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் மைதானங்களில் பெண்கள் ஆடக் கூடாது என்று தடை போட்டது. அந்தத் தடை நீங்க ஐம்பது ஆண்டு ஆனது. 2022இல் பார்சிலோனா பெண்கள் அணிக்கு ஒரே ஆட்டத்தில் 91,648 பேர் வந்தார்கள். அவ்வளவு தூரம் எதற்கு, சிதம்பரத்தில் மகா சிவராத்திரியை ஒட்டி நடக்கும் நாட்டியாஞ்சலிக்கு வந்து பாருங்கள். ராத்திரி வெகுநேரம் வரை அசையாமல் உட்கார்ந்து முகம் தெரியாத பெண்களின் ஆட்டத்தைப் பார்க்கிற ஊர் இது. தெரிந்த பெண்களின் ஆட்டத்துக்கு வராமலா போய்விடும்? மகளிர் பிரீமியர் லீக் கிரிக்கெட் 2023இல் தொடங்கியபோது பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் நுழைவு இலவசம் என்று அறிவித்தார்கள். அதை இங்கும் செய்யலாம். திருப்பாதிரிப்புலியூர், மஞ்சக்குப்பம், முதுநகர் பள்ளிப் பிள்ளைகள் வந்தாலே பாதி கேலரி நிறைந்துவிடும்.

ஆனால் வருகிறவர்களை உட்காரவைக்கத் தெரிய வேண்டும். நான் போன ஒரு மைதானத்தில் பெண்கள் கழிப்பறை பூட்டிக் கிடந்தது, சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. எந்த ஊர் என்று எழுதப் போவதில்லை, எல்லா ஊரிலும் இதே கதைதான். பெண்கள் ஆட்டத்துக்குப் பெண்கள் வரவில்லையே என்று அலுத்துக்கொள்கிறவர்கள் முதலில் அந்தச் சாவியைத் தேடட்டும். அடுத்து நேரம். நான் பார்க்க நினைத்த ஆட்டங்களில் பல, வேலைநாள் பிற்பகலில் வைக்கப்பட்டவை. வேலைக்குப் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் வர முடியாத வேளையில் ஆட்டத்தை வைத்துவிட்டுக் கூட்டம் இல்லை என்பது என்ன நியாயம்? கடலூரில் சனி, ஞாயிறு மாலையில் வையுங்கள். விளக்கு, புல்தரை, உடைமாற்றும் அறை எல்லாம் லீக் கேட்கிற தரத்தில் இருக்கிறதா என்று இப்போதே ஆள் அனுப்பிப் பார்த்துவிட்டால், சீசன் நெருங்கும்போது கையைப் பிசைய வேண்டியதில்லை. தொகுதிக்கொரு சிறு விளையாட்டரங்கம் என்ற திட்டம் நல்ல திட்டம்தான். புதுக் கட்டடத்தோடு, இருக்கிற அரங்கத்துக்குள் ஒரு நல்ல ஆட்டமும் வரட்டும்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். உடற்கல்வித் துறை இருக்கிறது, பெரிய மைதானங்கள் இருக்கின்றன, 2013 முதல் அரசின் கையிலும் இருக்கிறது. வருகிற அணிகள் அங்கே பயிற்சி எடுக்கட்டும், அங்கே படிக்கும் மாணவிகள் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். கடலூருக்குச் சாலையில் ஏறக்குறைய 45 கிலோமீட்டர்தான். அந்த இரண்டு நாள் மட்டும் ஆட்டம் முடிந்த பிறகு சிதம்பரத்துக்கும் பண்ருட்டிக்கும் சிறப்புப் பேருந்து விட்டால், ஊர்ப்புறப் பெண் பிள்ளைகளை வீட்டில் தயங்காமல் அனுப்புவார்கள்.

பார்வையாளர் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குக் கூடைப்பந்தைப் பாருங்கள். சென்னையின் அனிதா பால்துரை பத்தொன்பது வயதிலேயே இந்திய அணிக்குத் தலைமை ஏற்றவர். 2021இல் பத்மஸ்ரீ வந்தது. அவர் உச்சத்தில் ஆடிய காலத்தில், ஒரு ரசிகர் வாராவாரம் பின்தொடர்ந்து பார்க்க இந்தியாவில் பெண்கள் கூடைப்பந்து லீக் என்று ஒன்று கிடையாது. விருது வந்தபோதுதான் நம்மில் பலர் அவர் பெயரையே கேட்டோம். கால்பந்துக்கு லீக் வந்துவிட்டது. இந்தியப் பெண்கள் அணி 2025 ஜூலையில் தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2-1 என்று வென்று, தகுதிச் சுற்று வழியாக முதன்முறையாக ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தது. இப்போது நாட்டு அணியைப் பற்றி நாலு பேர் பேசுகிறார்கள். கிளப் ஆட்டத்தை ஊருக்குக் கொண்டுவர இதைவிட நல்ல வேளை வராது.

அடுத்த சீசன் அட்டவணை முடிவாவதற்குள் உங்கள் துறை சேது நிர்வாகத்தோடும் கால்பந்துக் கூட்டமைப்போடும் பேசி, கடலூருக்கு இரண்டு தேதிகளை வாங்கித் தர வேண்டுகிறேன். தேதியை ஒரு மாதம் முன்னதாக அறிவித்தால் போதும். ஊர் ஊராகச் சொல்லி ஆள் திரட்டுவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சிதம்பரத்திலிருந்து ஒரு சேது ரசிகை