கேடி லிஸ்ட்ல ஏறின பேர் எப்ப இறங்கும்?

விவசாயிக்குப் பதிவேட்டோட அருமை நல்லாவே தெரியும். அடங்கல்ல கரும்புன்னு எழுத வேண்டிய இடத்துல தரிசுன்னு விழுந்தா கடனும் கிடைக்காது, காப்பீடும் கிடைக்காது. பட்டாவுல ஒரு எழுத்து மாறிப்போனா தாலுகா ஆபீசுக்கு நடந்தே செருப்பு தேஞ்சிடும். சூரமங்கலம் உழவர் சந்தைக்குக் காய் கொண்டு போறதுக்கே போட்டோ ஒட்டின அடையாள அட்டை வேணும். நிலத்துப் பதிவேட்டைப் பத்தி நாங்க பேசாத நாளில்லை. ஆனா இன்னொரு பதிவேடு இருக்கு. அதைப் பத்தி ஊர்ல யாரும் வாய் திறக்கறதில்லை. அது போலீஸ்ல இருக்கற குற்றப் பதிவேடு.

"கேடி"ன்னு திட்டுறோமே, அந்த வார்த்தையே அங்கிருந்து வந்ததுதான். 'நோன் டெப்ரடேட்டர்', அதாவது தெரிஞ்ச திருடன்னு வெள்ளைக்காரன் எழுதி வச்ச ரெண்டு எழுத்து. ஆள் செத்தாலும் அந்தப் பேர் சாகாது.

இன்னைக்கு அந்த வேலையைப் பார்க்கறது கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்திருக்கற சிலர். சென்னையில மாநிலக் குற்ற ஆவணக் காப்பகம், மாவட்டத்துக்கு மாவட்டம் அதோட பிரிவு. ஸ்டேஷன்ல போடுற எஃப்ஐஆர் எல்லாம் 2009ல மத்திய அரசு கொண்டுவந்த சிசிடிஎன்எஸ் வலையமைப்புல ஏறும். கைரேகையை ஒப்பிட்டுப் பார்க்கத் தனி ஆட்கள். அறிவியல் பட்டம் படிச்சவங்களைத் தேர்வு வச்சு, விரல் ரேகைப் பிரிவுக்குன்னே சப்-இன்ஸ்பெக்டரா எடுக்கறாங்க. சினிமாவுல இவங்களைப் பார்க்க முடியாது. துப்பாக்கி கிடையாது, துரத்தல் கிடையாது. ஆனா ஒரு பையனோட வாழ்க்கை எந்தப் பக்கம் போகும்னு இவங்க தட்டுற ஒரு வரி முடிவு பண்ணிடும்.

இந்த வேலைக்கு நம்ம நாட்டுல நல்ல கதையும் உண்டு, கெட்ட கதையும் உண்டு. 1897ல கல்கத்தாவுல கைரேகைக் காப்பகம் தொடங்கினாங்க. லட்சக்கணக்கான ரேகையை 1024 பிரிவாப் பிரிச்சு, வேணுங்கறதை உடனே எடுக்கற கணக்கைப் போட்டதுல அசிசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ்ங்கற ரெண்டு இந்திய அதிகாரிகளுக்குப் பெரிய பங்கு. உலகம் பூரா பரவின அந்த முறைக்கு வந்த பேர் என்னமோ அவங்க மேலதிகாரி ஹென்றியோடது.

கெட்ட கதை உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூர்ல நடந்தது. குற்றப் பரம்பரைச் சட்டத்துல, பிறந்த சாதிக்காகவே கைரேகை கொடுக்கணும்னாங்க. ஜனங்க மறுத்தாங்க. 1920 ஏப்ரல் 3ஆம் தேதி போலீஸ் சுட்டதுல மாயக்காள் உட்படப் பதினாறு பேருக்குக் குறையாம செத்தாங்க. தப்பு செஞ்சவன் ரேகையை எடுக்கறது வேற, ரேகையை எடுத்து ஒருத்தனைத் தப்பானவன் ஆக்கறது வேற.

"அதெல்லாம் பழங்கதை"ன்னு பட்டணத்துல இருக்கற நீங்க நினைக்கலாம். எங்க பக்கம் வரப்புத் தகராறு எப்படி எஃப்ஐஆர் ஆகுதுன்னு தெரியுமா? பங்காளிங்க ரெண்டு பேர் கைகலப்பு. புகார்ல அப்பன் பேர், மகன் பேர், காலேஜுக்குப் போயிருந்த சின்னவன் பேர்னு குடும்பத்தையே எழுதிடுவாங்க. ஆறு மாசத்துல ஊர்ப் பெரியவங்க பேசி முடிச்சிருவாங்க. கோர்ட்டுல புகார் கொடுத்தவரே "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க"ன்னு மாத்திச் சொல்லிடுவார். வழக்கு தள்ளுபடி. பொங்கலுக்கு ரெண்டு குடும்பமும் ஒரே பந்தியில சாப்பிடும்.

ஆனா அந்தச் சின்னவன் விடியக்காலையில கிரவுண்டுல ஓடி, போலீஸ் வேலைக்குத் தேர்வு எழுதிப் பாஸ் பண்ணிட்டான்னு வைங்க. விசாரணையில அந்த வழக்கு எட்டிப் பார்க்கும். தமிழ்நாடு காவல் பணி விதி 14(b) என்ன சொல்லுதுன்னா, சந்தேகத்தின் பலனாலயோ புகார்தாரர் பிறழ்சாட்சி ஆனதாலயோ விடுதலையானவரையும் வழக்குல சம்பந்தப்பட்டவராத்தான் கருதணும். ஊர்ல சமாதானமாப் போனது நல்ல காரியம். பையனுக்கு அதுவே வினை.

போராட்ட வழக்கும் இப்படித்தான். 2018ல சேலம் எட்டு வழிச்சாலைக்கு நிலம் அளக்க வந்தப்ப மறிச்சவங்க மேல வழக்கு போட்டாங்க. 2021ல அந்த வழக்குகளை வாபஸ் வாங்கறதா முதலமைச்சர் சட்டசபையில சொன்னார். நல்ல விஷயம். ஆனா சட்டசபையில சொன்னா மட்டும் கம்ப்யூட்டர்ல இருக்கற வரி தானா அழிஞ்சிடாது. யாராவது ஒருத்தர் உட்கார்ந்து திருத்தினாத்தான் உண்டு.

2022ல வந்த அடையாளச் சட்டம் கைரேகை, கருவிழி எல்லாத்தையும் 75 வருஷம் வச்சிருக்கலாம்னு சொல்லுது. முன்தண்டனை இல்லாதவர் விடுதலையாகி, மேல்முறையீடும் முடிஞ்சிட்டா, கோர்ட் வேற மாதிரி சொல்லாத வரைக்கும் அழிச்சிடணும்னும் அதே சட்டம் சொல்லுது. முதல் பாதி வேகமா நடக்க மிஷின் இருக்கு. எஃப்ஐஆரை 24 மணி நேரத்துல இணையத்துல போடச் சொல்லி 2016லயே உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கு. விடுதலைத் தீர்ப்பை ஏத்தறதுக்கும் அதே மாதிரி ஒரு கெடு வேண்டாமா? ஏத்தறதுக்கு ஒரு அவசரம், இறக்கறதுக்கு ஒரு சாவகாசம்னா அது என்ன நியாயம்?

நான் கேட்கறது ரெண்டே விஷயம். தீர்ப்பு வந்தா கோர்ட்டுல இருந்து காப்பகத்துக்குத் தானாப் போய்ச் சேரணும், அதைச் சரிபார்க்கப் போதுமான ஆளைப் போடணும். வரப்புச் சண்டையில சமாதானமானவனையும் கத்தி எடுத்தவனையும் ஒரே தராசுல வைக்கற விதியை மாத்தணும்.

அதுவரைக்கும், வழக்கு முடிஞ்சதும் தீர்ப்போட சான்றிட்ட நகலை வாங்கிப் பத்திரத்தோட பத்திரமா வைங்க. அதைவிட முக்கியம், ஊர்ல உங்க சொந்தக்காரங்க யாராவது புகார் எழுதப் போனா, சம்பந்தமில்லாத சின்னப் பசங்க பேரைச் சேர்க்காதீங்கன்னு ஒரு போன் போட்டுச் சொல்லுங்க.